சில்லறையில் கிடைத்த கியூ 50 பென்ஸ்: தரமும் விலையும் கணிப்பது எப்படி?

கேள்வி: கடையில் கொடுத்த மீதிச் சில்லறையில் 2009 கியூ கார்டன்ஸ் (லண்டன் தாவரவியல் பூங்கா) பிரிட்டிஷ் 50 பென்ஸ் நாணயம் ஒன்று வந்தது. லேசாக மங்கியிருக்கிறது. பாலிஷ் போட்டால் நல்ல விலை போகுமா? அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பாலிஷ் வேண்டவே வேண்டாம். நாணயம் அச்சாகும்போது உலோகம் வழிந்து பரவி, கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகள் பதிகின்றன. வெளிச்சத்தில் சாய்த்தால் பரப்பின் மேல் ஒளிப்பட்டை சுழல்வது இவற்றால்தான். துணியோ பேஸ்ட்டோ இந்தக் கோடுகளை அழித்துவிட்டுத் தன் கீறல்களைப் பதித்துவிடும். போனது திரும்பாது, சேகரிப்பவர்கள் லென்ஸ் வைத்த உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒட்டும் பசை படிந்திருந்தால் மட்டும் சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் ஊறவைத்து, தேய்க்காமல் உலரவிடுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும்; ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்குத் தள்ளியே செய்யுங்கள்.

முதலில் அசலா என்று பாருங்கள். 210,000 மட்டுமே புழக்கத்துக்கு வந்த நாணயம் என்பதால் போலிகள் ஏராளம். 0.01 கிராம் வரை காட்டும் மின்தராசில் 8 கிராமை ஒட்டி நிற்க வேண்டும். தேய்மானத்தில் குறைவது மிகச் சொற்பம். கால் கிராம் வித்தியாசப்பட்டாலே சந்தேகப்படுங்கள். 75 சதவீதம் செம்பு, 25 சதவீதம் நிக்கல் கலந்த உலோகம் என்பதால் காந்தத்தில் ஒட்டக் கூடாது. ஏழு பக்கம் இருந்தாலும் காலிப்பரில் எந்தத் திசையில் அளந்தாலும் 27.3 மில்லிமீட்டர்தான் வர வேண்டும், ஏனென்றால் அந்த வளைவுகளே அப்படி வடிவமைக்கப்பட்டவை. திசைக்குத் திசை அளவு மாறினால் அது மட்டமான வார்ப்பு. ராணி எலிசபெத்தின் முகத்தை நிமிர்த்தி வைத்து, நாணயத்தை இடவலமாகத் திருப்பினால் மறுபக்கத்துப் பகோடா கோபுரமும் நேராக நிற்க வேண்டும். கோபுரத்தைச் சுற்றிய கொடியின் இலைகள் மெழுகு உருகியதுபோல வழுவழுப்பாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

ஒரு குழப்பம் பலருக்கு வருகிறது. 2019-இல் சேகரிப்பாளர்களுக்காக இதே வடிவம் மீண்டும் வந்தது. அதிலும் கோபுரப் பக்கம் 1759, 2009 என்றே இருக்கும். ஆகவே ராணி பக்கத்து ஆண்டைப் பாருங்கள். அங்கே 2009 இருக்க வேண்டும், கழுத்துக்குக் கீழே சிற்பி இயன் ரேங்க்-பிராட்லியின் ஐ.ஆர்.பி. எழுத்துகளும் இருக்க வேண்டும்.

அடுத்து தரம். 10 மடங்கு லென்ஸும் ஒற்றை மேசை விளக்கும் போதும். டியூப் லைட் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்துத் தேய்மானத்தை மறைத்துவிடும். விளிம்பை மட்டும் பிடித்து, மெல்லச் சாயுங்கள். கன்னம், புருவம், காதுக்கு மேல் முடி, கொடி இலை என மேடான இடங்களே முதலில் தேயும். அங்கே மட்டும் நிறம் மங்கி, பள்ளத்தில் ஒளிப்பட்டை இன்னும் ஓடினால் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் (இங்கே சொல்லும் மூன்று தரங்களில் மேலானது) எனலாம். ஒளி முழுக்கப் போய், முடிக்கற்றைகள் பெரும்பாலும் பிரிந்தே தெரிந்தால் வெரி ஃபைன். கற்றைகள் ஒன்றோடொன்று ஒட்டித் தட்டையானால் ஃபைன். மேடு மழுங்கியிருப்பதெல்லாம் தேய்மானம் ஆகாது. அச்சு அழுத்தம் குறைந்த இடமும் மழுங்கலாகத்தான் தெரியும். ஆனால் அங்கே மினுமினுப்பு சாகாமல் இருக்கும். தேய்ந்த இடமோ செத்த சாம்பல் நிறத்தில் வழவழக்கும். இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் தரம் பார்ப்பதில் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. விளிம்பில் விழுந்த குழி, ராணியின் முகத்தில் விழுந்த கீறல் இரண்டும் தரத்துக்கு அப்பாற்பட்டு விலையைக் குறைப்பவை. அதிலும் முகத்துக் கீறலே அதிகம் வெட்டும்.

விலைக்கு, ஏல இணையதளங்களில் விற்பவர் கேட்கும் தொகையை நம்பாதீர்கள். யார் வேண்டுமானாலும் எதையும் கேட்கலாம். விற்று முடிந்த பட்டியலைத் திறந்து, உங்கள் நாணயத்தின் அதே தரத்தில் சமீபத்தில் போன பத்தை எடுங்கள். மிக அதிகமானதையும் மிகக் குறைந்ததையும் தள்ளி, மீதிக்குச் சராசரி பாருங்கள். அட்டையில் விற்ற புழங்காத நாணயங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை வேறு சந்தை. தபால் செலவையும் தளத்தின் கமிஷனையும் கழித்தால் கையில் வரும் தொகை தெரியும்.

விற்கும்வரை மென்மையான பிவிசி கவரில் போடாதீர்கள். அது விடும் அமிலம் செம்புக் கலவையில் பச்சைப் பிசுக்காகப் படிந்து உலோகத்தையே அரிக்கும். மைலார் (பிவிசி இல்லாத தெளிவான பிளாஸ்டிக் படலம்) ஜன்னல் வைத்த அட்டையில் வைத்து, ஸ்டேப்ளர் பின் அடித்த இடங்களைத் தட்டையாக நசுக்கிவிடுங்கள். இல்லையென்றால் அந்தப் பின்னே பக்கத்து நாணயத்தைக் கீறும்.