குர்லிட்டுக்கு வேறு வழி இருந்ததா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கலை வரலாறு படிக்க ஜெர்மனி போக ஆசை. வீட்டில், வேலை கிடைக்காது என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன? இன்னொன்று. ஹிட்லர் காலத்து ஜெர்மன் ஓவிய வியாபாரி ஹில்டெபிராண்ட் குர்லிட்டைப் பற்றி வாசித்தேன். நாஜிகள் அழிக்க நினைத்த படங்களைக் காப்பாற்றியவர்தானே? அவருடைய பாட்டி யூதர். வேறு என்ன வழி இருந்தது? அவர் சேர்த்துவைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் வெறும் 14 தான் நாஜிகள் காலத்துக் கொள்ளைப் பொருள் என்று நிரூபணமானதாம். அவரைத் திட்டுவது நியாயமா?

ம.

அன்புள்ள ம.,

வேலை விஷயத்தை அப்புறம் பார்ப்போம். 'வெறும் 14' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த 'வெறும்'தான் என்னை இரண்டு நாளாக அரிக்கிறது.

அந்த மனிதர் மேல் எனக்கும் பிரியம் உண்டு. 1925-ல் ஸ்விக்காவ் என்ற தொழில் நகரத்து அருங்காட்சியகத்துக்கு இயக்குநராகப் போய், யாரும் மதிக்காத புதிய ஓவியர்களைச் சுவரில் மாட்டியவர். அதற்காகவே 1930-ல் வேலை போனது. ஹிட்லர் ஆட்சிக்கு வர இன்னும் மூன்று வருடம் இருந்தது! அடுத்து ஹாம்பர்க் கலைச் சங்கம். ஸ்வஸ்திகா கொடி ஏற்றக் கூடாது என்று கொடிக்கம்பத்தையே எடுத்துவிட்டார் என்பார்கள். 1933-ல் அந்த வேலையும் போயிற்று. அதன்பின் வயிற்றுப்பாட்டுக்குப் படம் விற்றார். அதுவரை உங்களோடு நானும் வருகிறேன்.

அப்புறம் நாஜி அரசு அருங்காட்சியகங்களிலிருந்து பறித்த 'சீரழிந்த கலை'யை (நவீன ஓவியங்களுக்கு நாஜிகள் வைத்த வசைப்பெயர் அது) வெளிநாட்டில் விற்றுத்தர நான்கு வியாபாரிகள் அமர்த்தப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் இவர். 1943-லிருந்து, ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் ஹிட்லர் கட்ட நினைத்த அருங்காட்சியகத்துக்காக, ஆக்கிரமிக்கப்பட்ட பாரிஸில் படம் வாங்கினார். இதற்கும் 'வேறு வழி இல்லை' என்பீர்களா? உயிர் பிழைக்க ஒருவருக்கு அவ்வளவு லாபம் தேவைப்படாது, தம்பி.

சரி, 14-க்கு வருகிறேன். ஜெர்மன் ஓவியர் லீபர்மன் வரைந்த 'கடற்கரையில் இரு குதிரை வீரர்கள்' படம் அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் டேவிட் ஃப்ரீட்மன் என்ற யூதரின் வீட்டில் இருந்தது. அவர் சொத்தைப் பறித்தார்கள். 1942-ல் அவர் இறந்தார்; மகளை நாஜிகள் கொன்றார்கள். படம் குர்லிட்டிடம் வந்து சேர்ந்தது. போருக்குப் பின் அமெரிக்கர்கள் விசாரித்தபோது, கணக்குப் புத்தகமெல்லாம் டிரெஸ்டன் குண்டுவீச்சில் எரிந்துவிட்டது என்றார். நம்பினார்கள். 1950-ல் அந்தப் படத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள்! கணக்குகளோ எரியவில்லை. குர்லிட்டின் மகன் கொர்னேலியுஸ் விட்டுச்சென்ற காகிதங்களுக்குள் கிடைத்தன. அந்த மகனின் மியூனிக் வீட்டில்தான் 2012-ல் 1,200-க்கும் மேற்பட்ட படங்கள் பிடிபட்டன. லீபர்மன் படம் உரியவர்களிடம் போனது 2015-ல். அப்போது அதைப் பெற்ற உறவினருக்குக் கண்பார்வை போயிருந்தது.

14 எப்படி வருகிறது என்று இப்போது புரிகிறதா? கேட்க ஓர் ஆள் உயிரோடிருக்க வேண்டும். அவர் கையில் ஒரு ரசீதோ பழைய புகைப்படமோ மிஞ்சியிருக்க வேண்டும். குடும்பத்தோடு கொல்லப்பட்டவர்கள் மனு போடுவதில்லை. மற்றதெல்லாம் சுத்தம் என்று அந்த எண் சொல்லவில்லை. தேடியதில் அத்தனைதான் பிடி கிடைத்தது, அவ்வளவே. படிக்கப் போகிற பிள்ளை இதைக் கவனிக்க வேண்டாமா?

2018-ல் பெர்லினில் அந்தச் சேகரிப்பைப் பார்க்கப் போனேன். கொஞ்ச நேரத்தில் படங்களை விட்டுவிட்டேன். பக்கத்திலிருந்த சிறிய அட்டைகளில், எது யாரிடமிருந்து யார் கைக்குப் போனது என்று மட்டும் வாசித்துக்கொண்டு நடந்தேன். பல அட்டைகளில் நடுவில் சில வருடங்கள் காலி. "படம் பார்க்கத்தானே டிக்கெட் வாங்கினோம்?" என்று கூட வந்த நண்பர் சலித்துக்கொண்டார். பதில் சொல்லவில்லை. காலியான வருடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வேலை பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? அந்தக் காலி வருடங்களை நிரப்புவதற்கென்றே அங்கே அருங்காட்சியகங்களில் ஆட்கள் இருக்கிறார்கள். ஜெர்மன் படியுங்கள், அதோடு அவர்களுடைய பழைய கையெழுத்தையும். அச்சு எழுத்து மட்டும் தெரிந்தால் பழைய கடிதங்களில் பாதி உங்களுக்குப் புரியாது.