குப்புற விழாத பையனும் ஞாயிற்றுக்கிழமைச் சுட்டிகளும்

அன்புள்ள அக்கா,

உங்கள் ஞாயிறு குறிப்புகளை ரொம்ப நாளாக வாசிக்கிறேன். முன்பெல்லாம் கல்வெட்டு, பழைய பத்திரிகை, சமையல் என்று பத்துப் பதினைந்து இணையச் சுட்டிகள் இருக்கும். பாப்பா பிறந்த பிறகு நாலைந்துதான் வருகின்றன. அதிலும் குழந்தை வளர்ப்பு பற்றி ஒன்று வந்தால் அதிகம். மீதியெல்லாம் பறவைச் சத்தம், எங்கோ ஓடும் வானொலி!

எங்களுக்கு இப்போது நாலு மாதத்தில் மகன். ராத்திரி அவன் விழித்திருக்கும்போது நானும் மனைவியும் ஆளுக்கொரு போனில் குழந்தை வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ‘நாலாம் மாதம் இதெல்லாம் செய்யவில்லையா? உடனே கவனியுங்கள்’ என்கிறது ஒன்று. எதிர்வீட்டுக் குழந்தை மூன்றரை மாதத்திலேயே குப்புற விழுந்துவிட்டது. எங்கள் பையன் ஒருக்களித்துப் பார்த்துவிட்டு மறுபடி மல்லாந்துவிடுகிறான். அம்மா தினமும் போனில் முதலில் கேட்பதே “குப்புத்துக்கிட்டானா?” என்றுதான். எடையும் 15 என்ற கோட்டில் இருக்கிறது என்றார்கள். மனைவி நேற்று அழுதேவிட்டாள்.

நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள், எதை விடுகிறீர்கள்? வாசிக்க எப்படி நேரம் கிடைக்கிறது?

கரூரிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

முதலில் உங்கள் மனைவி அழுததற்கு வருகிறேன். சுட்டிகள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

பாப்பா பிறந்த புதிதில் இணையத்தில் எனக்கு அகப்பட்டவற்றில் உருப்படியானது ஒரு படம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டது. கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, எந்தக் குழந்தை எப்போது உட்கார்ந்தது, எப்போது நடந்தது என்று குறித்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் ‘இத்தனையாவது மாதம்’ என்று எதுவுமே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் நீளமான பட்டை ஒன்றுதான். பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரை. கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்வது 5.2 முதல் 13.5 வரை. தானாக நடப்பது 8.2 முதல் 17.6 வரை. அதாவது ஒரு குழந்தை எட்டாம் மாதம் நடக்கலாம், இன்னொன்று ஒன்றரை வயதை நெருங்கும்போது நடக்கலாம். இரண்டுமே அந்தப் பட்டைக்குள்தான். நூற்றுக்கு நாலு குழந்தைகள் அப்படித் தவழவே இல்லை, நேராக எழுந்து நடக்கப் போய்விட்டன.

இன்னொரு விஷயம் உங்கள் அம்மாவுக்கே சொல்லலாம். அந்தப் படத்தில் மொத்தம் ஆறு பட்டைகள். குப்புற விழுவது அந்த ஆறில் இல்லவே இல்லை. நம் வீடுகளில் அது பெரிய விசேஷம், கொழுக்கட்டை அவித்துக் கொடுக்கிற அளவுக்கு. இருக்கட்டும், எனக்கும் கொழுக்கட்டை பிடிக்கும். ஆனால் எதிர்வீட்டுக் குழந்தையோடு போட்டி வைக்க அது தோதான விஷயம் இல்லை. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2022இல் திருத்திய குழந்தை வளர்ச்சிப் பட்டியலில் கூட குழந்தை புரளுவது ஆறாம் மாதத்தில்தான் வருகிறது, அதுவும் குப்புறப் படுத்த நிலையிலிருந்து மல்லாந்து திரும்புவது. தவழ்வதை அந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

வீடியோக்காரர்கள் ஏன் இந்தப் பட்டையைக் காட்டுவதில்லை? ‘3.8 முதல் 9.2 வரை’ என்று சொன்னால் நீங்கள் போனை வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவீர்கள். ‘நாலாம் மாதம்’ என்று சொன்னால் பயம் வரும், அடுத்த வீடியோவையும் பார்ப்பீர்கள். நான் ஒரு சுட்டியை வைத்துக்கொள்வதும் தள்ளுவதும் பெரும்பாலும் இதை வைத்துத்தான். ஒற்றைத் தேதி சொல்லி மிரட்டினால் மூடிவிடுவேன். எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே என்று இரண்டு முனையும் சொன்னால் சேமித்துக்கொள்வேன்.

அதற்காக எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நாலு மாதத்தில் நிமிர்த்திப் பிடித்தால் தலை நிற்கவில்லை, முகத்தைப் பார்ப்பதில்லை, குரல் கேட்டுத் திரும்புவதில்லை, உடம்பு துவண்டு கிடக்கிறது அல்லது விறைப்பாகவே இருக்கிறது, முன்பு செய்ததை இப்போது செய்வதில்லை. இதில் எது இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், போனில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். ஒருக்களித்துப் பார்த்துவிட்டு மல்லாந்துகொள்ளும் பையனை, விழித்திருக்கும் நேரத்தில் பாயை விரித்துக் கொஞ்சம் குப்புறப் போட்டு நீங்களும் எதிரே படுத்துக்கொள்ளுங்கள். தூங்கும்போது மட்டும் மல்லாக்கத்தான்.

எடை 15 என்றதும் நம் ஆட்கள் பரீட்சை மார்க் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள், ஏதோ 35க்குக் கீழே போய் ஃபெயில் ஆன கணக்காக. நூறு ஆரோக்கியமான குழந்தைகளை எடைவாரியாக நிறுத்தினால் பதினைந்து பேர் உங்கள் பையனைவிட எடை குறைவாக இருப்பார்கள் என்பதுதான் அதன் அர்த்தம். அந்த நூறு பேருமே ஆரோக்கியமானவர்கள். உலக சுகாதார நிறுவனம் அந்தக் கோடுகளைப் போட எடுத்த குழந்தைகளில் தெற்கு டெல்லிக் குழந்தைகளும் உண்டு, ஆகவே வெள்ளைக்காரக் குழந்தையோடு ஒப்பிடுகிறார்கள் என்ற பேச்சும் வேண்டாம். மருத்துவர் பார்ப்பது ஒரு புள்ளியை அல்ல, மாதாமாதம் புள்ளிகள் எந்தப் பக்கம் போகின்றன என்பதை. பிறந்ததிலிருந்து 15ஐ ஒட்டியே போகிற குழந்தை வேறு, 50இலிருந்து 15க்கு இறங்கிய குழந்தை வேறு. உங்கள் தாய் சேய் நல அட்டையிலும் வளர்ச்சிக் கோடுகள் இருக்கின்றன, நீங்களே புள்ளி வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. அம்மாவின் போனை இனி நீங்கள் எடுங்கள். “குப்புத்துக்கிட்டானா?” என்ற கேள்வி ஒரு நாளைக்கு ஒரு தடவை உங்களிடம் வந்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது.

குழந்தைக்கென்று நான் வைத்திருக்கும் இன்னொரு சுட்டி லாக்ட்மெட். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் தளத்தில் கிடைக்கும் இலவசத் தரவுத்தளம். மருந்தின் பெயரைப் போட்டால் அது தாய்ப்பாலில் எவ்வளவு இறங்கும், குழந்தையை என்ன செய்யும் என்று வரும். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் பால் கொடுக்காதே என்று சொல்ல வீட்டில் நாலு பேர் இருப்பார்கள். பாராசிட்டமால் என்று போட்டுப் பாருங்கள், அவர்கள் வாயை அடைக்க அது போதும். மற்ற மருந்துகளுக்கு அந்தப் பக்கத்தை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

இனி வாசிப்புக்கு வருகிறேன். எனக்கு நேரம் இருக்கிறது, கைதான் இல்லை. இடது கை முழுக்கப் பாப்பா. வலது கையில் போன், அதைப் பிடித்தபடியே கட்டைவிரலால் தள்ள வேண்டும். ஸ்கேன் செய்த பழைய புத்தகத்தைத் திறந்தால் எழுத்து எறும்பு சைஸில் இருக்கும், பெரிதாக்க இரண்டு விரல் வேண்டும், அதற்குப் போனை எங்கேயாவது வைக்க வேண்டும். ஆகவே பால் கொடுக்கும் நேரத்துக்கு மதுரைத் திட்டம், தமிழ் நூல்களை எழுத்தாகவே இலவசமாகத் தரும் தளம். 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார், உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். இன்றைக்குப் பார்த்தால் அலங்காரமே இல்லாத பக்கம். படம் இல்லை, விளம்பரம் இல்லை, திடீரென்று அலறும் வீடியோ இல்லை. எழுத்தைப் பெரிதாக்கிவிட்டுக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகலாம். தூங்குகிற குழந்தையோடு வாசிப்பவர்களுக்கென்றே செய்தது போல இருக்கிறது.

பாப்பா தூளியில் தூங்கிவிட்டால் இரண்டு கையும் வந்துவிடும். அப்போது ஸ்கேன் நூல்கள். ஈழத்து நூல்களுக்கும் பழைய இதழ்களுக்கும் நூலகம் தளம், 2005இலிருந்து நடக்கிறது. இங்கே தமிழ்நாட்டில் தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம், பத்துத் தொகுதி. பாப்பாவுக்கு என்றுதான் இறக்கி வைத்தேன். இப்போதைக்கு வாசிப்பது நான்தான்.

பறவைச் சத்தத்தைக் கிண்டல் செய்திருக்கிறீர்கள். விடியக்காலை நாலரைக்குப் பாப்பா எழுந்தால் மறுபடி தூங்க மாட்டாள், மாடிக்குத் தூக்கிப் போவேன். இருட்டிலேயே கரிச்சான் ஆரம்பித்துவிடும். கொஞ்சம் கழித்துக் குயில், பிறகு செண்பகம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் செயலி சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்லும். பறவை கூவக் கூவத் திரையில் கோடு கோடாக ஓடும், கீழே பெயர் வரும். பாப்பா சிணுங்கினால் அதுவும் உயரமான கோடுகளாக ஓடும், பெயர் மட்டும் வராது. நமக்குத் தெரிந்த பறவையின் மற்ற குரல்களைக் கேட்க ஜீனோ-கான்டோ தளம் இருக்கிறது, உலகெங்கும் ஆட்கள் பதிவு செய்து ஏற்றியவை. நீங்கள் வானொலி என்றது ரேடியோ கார்டன் தளம். பூமி உருண்டையில் பச்சைப் புள்ளிகள், எந்த ஊரில் விரல் வைக்கிறீர்களோ அந்த ஊர் நிலையம் பாடும். பாஷை புரியாத வானொலி அந்த நேரத்துக்கு ரொம்ப நல்லது. யாரும் நமக்கு எதுவும் அறிவுரை சொல்வதில்லை.

நீங்கள் கேட்காமல் ஒரு யோசனை: ஆளுக்கொரு போன் வேண்டாம். ஒருவர் குழந்தையோடு இருக்கும்போது மற்றவர் தூங்கட்டும்.

இந்த ஞாயிறு குறிப்புகள் திங்களோ செவ்வாயோதான் வரும். பாப்பாவுக்குக் கேழ்வரகுக் கூழ் ஆரம்பித்திருக்கிறோம், போனின் சார்ஜர் ஓட்டையில் பாதி அவள் துப்பியதுதான் இருக்கிறது.