வாசல் ரணகள்ளியை ஆடு தின்றால் ஆபத்தா?

சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட் வீட்டில் ஆடு வளர்ப்பவர் கேட்டிருக்கிறார். ஆபத்துதான். இலை விளிம்பில் வரிசையாகக் குட்டி போடும் இந்தக் கலன்சோ இனச் செடிகளில் பூஃபாடையீனோலைடு என்ற ஸ்டீராய்டு நஞ்சு இருக்கிறது. தேரைத் தோலில் ஊறுவதும் இதே வகைதான். இதயச் செல்களில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பை அது அடைத்துவிடும். எச்சில் வடியும், கழியும், அப்புறம் துடிப்பு தாறுமாறாகும். பூவில்தான் நஞ்சு அதிகம்.

தென்னாப்பிரிக்காவில் இதே குடும்பத்துச் செடிகளைத் தின்னும் ஆடுகளுக்கு நஞ்சு சிறுகச் சிறுகச் சேர்ந்து கழுத்தே முறுக்கிக்கொள்ளும். 'கிரிம்ப்சீக்டே' என்பார்கள்.

பாட்டி வைத்தியத்துக்கென்று வைத்திருந்தால், சரி, உயரத்தில் தொங்கவிடுங்கள். வெட்டிய கிளையைக் கொட்டகைப் பக்கம் வீசாதீர்கள்; விழுந்த இடத்திலேயே வேர்விடும். தின்றுவிட்டால் விரட்டி ஓடவிடாமல் நிழலில் கட்டி, கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்கள். சீக்கிரம் வந்தால் கரித்தூள் கொடுத்துப் பார்ப்பார்.