ரிச்சி தெருவா, ஆன்லைனா? எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களை எங்கே வாங்கலாம்?

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். பொழுதுபோக்காக எலெக்ட்ரானிக்ஸ் பழகுகிறேன். பாகங்களை ஆன்லைனில் வாங்குவதா, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போவதா?

வாங்க வேண்டியதன் பெயரும் நம்பரும் உங்களுக்குத் தெரியும் என்றால் ஆன்லைன். "இந்த மாதிரி ஒண்ணு" என்று கையில் வைத்துக் காட்டித்தான் கேட்க முடியும் என்றால் ரிச்சி தெரு. நான் இப்படித்தான் பிரித்துக்கொள்கிறேன்.

இஎஸ்பி32 போர்டு (நாம் எழுதும் புரோகிராமை ஓட்டும் சின்னக் கன்ட்ரோலர் போர்டு), சென்சார், டிஸ்ப்ளே எல்லாம் முதல் வகை. கடையில் தருவதும் பெரும்பாலும் அதே சீனச் சரக்குதான். ஆன்லைனில் விலையை ஒப்பிடலாம், வாங்கியவர்கள் போட்ட போட்டோவைப் பார்க்கலாம். போர்டு 30 பின்னா 38 பின்னா என்பதை மட்டும் கவனியுங்கள். 38 பின் போர்டுகளில் பல அகலமானவை. பிரெட்போர்டில் (ஈயம் வைக்காமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் ஓட்டைப் பலகை) செருகினால் ஒரு பக்கம் வயர் குத்த ஓட்டையே மிஞ்சாது.

இரண்டாவது வகைக்கு அடாப்டர் பின்னைச் சொல்லலாம். வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர்; உள் ஓட்டையோ 2.1 மில்லிமீட்டரிலும் வரும், 2.5-லும் வரும். போட்டோவில் வித்தியாசமே தெரியாது. கடையில் பழைய சாதனத்தை எடுத்து வைத்து, "அண்ணே, இதுக்கு ஒரு அடாப்டர்" என்றால் போதும். டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துச் செருகி ஆட்டிப் பார்ப்பார். லூசாக இருந்தால் உருவிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார். "பன்னெண்டு வோல்ட்டா தம்பி, நடுவுல பிளஸ்ஸா?" என்று அவரே கேட்டுக்கொண்டு லேபிளையும் பார்த்துவிடுவார். இந்தச் சேவைக்குத் தனிக் காசு கிடையாது.

வயரும் நேரில்தான் வாங்குவேன். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயரைச் செம்பு வயர் என்றே விற்கிறார்கள். நுனியைச் சீவி, ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதில் மின்தடையும் அதிகம், ஈயமும் சரியாகப் பிடிக்காது.

18650 என்னும் உருளை வடிவ ரீசார்ஜபிள் லித்தியம் செல்லில் ஏமாற்று இன்னும் மோசம். கொள்ளளவு 9800 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-ஹவர்) என்று அச்சடித்தே விற்கிறார்கள். நல்ல கம்பெனி செல்லே பொதுவாக 3500-க்குப் பக்கத்தில் நின்றுவிடும். நல்ல செல் பெரும்பாலும் 45 கிராமுக்குப் பக்கத்திலோ அதற்கு மேலோ இருக்கும். போலியைக் கையில் எடுத்தாலே லேசாக இருக்கும். இதில் கடையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அதே போலி அங்கேயும் தொங்கும். ஆனால் தூக்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வந்துவிடலாம்.

ரெசிஸ்டர், கெபாசிட்டர் மாதிரிச் சில்லறைகளில் கணக்கு எளிது. கால் வாட் ரெசிஸ்டர் ஒன்று ஒரு ரூபாய்கூட வராது. நாலு ரெசிஸ்டருக்குக் கூரியர் காசு கொடுப்பது வீண். பல மதிப்புகள் கலந்த செட் வேண்டுமானால் ஆன்லைனில் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

கடையில் தொல்லைகளும் உண்டு. மொத்த வியாபாரிகள் நிற்கும்போது பத்து ரூபாய் சாமானுக்கு நாலு சந்தேகம் கேட்டால் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். லிஸ்டைத் தாளில் எழுதிப் போங்கள், வேலை சீக்கிரம் முடியும். விற்ற பொருளைத் திரும்ப வாங்குவது அரிது. ஓட்டிக் காட்டக்கூடியதை அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லி, பில் கேட்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பைக் நிறுத்த இடம் தேடுவதற்கு, மெட்ரோவில் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடப்பது மேல்.

புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்பதால் சோல்டரிங் அயர்னை நேரிலேயே வாங்குங்கள். 25 வாட் போதும். மாற்று பிட் (சூடாகும் நுனி) கிடைக்குமா என்று கேட்டு அதையும் கையோடு வாங்கிவிடுங்கள். முதலில் தேய்வது அதுதான்.