முன்னோட்டமா, கல்யாணப் பத்திரிகையா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. பாட்காஸ்ட், அதாவது இணையத்தில் கேட்கும் ஒலித்தொடர் தொடங்கப் போகிறோம், அதற்கு முன்னோட்டம் எப்படிச் செய்வது என்பதே கேள்வி. வானொலியில் இருபத்திரண்டு ஆண்டுகள் பகுதிநேர அறிவிப்பாளராக இருந்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள். பாட்காஸ்ட் எனக்குப் புதிது. முப்பது விநாடிக்குள் பேசி ஒரு நாடகத்துக்கு ஆள் சேர்ப்பது மட்டும் பழைய தொழில்.

அம்மா, என் தாயாரும் எங்கள் தெருவில் இன்னும் ஆறு பேரும் சிறுவயதில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் நினைவுகளைப் பதிவு செய்து பாட்காஸ்ட் ஆக்கியிருக்கிறேன். முன்னோட்டம் இரண்டு நிமிடம் இருபது விநாடி. நாற்பது பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கைகூப்பும் படங்கள் வந்தன. யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒலிக்கோப்பை அனுப்பியிருக்கிறேன். எங்கே தவறினேன்?
— வாசகி, கோவில்பட்டி

மூன்று முறை கேட்டேன். மற்ற வாசகர்களுக்காக அதன் தொடக்கத்தை இங்கே தருகிறேன்: "அனைவருக்கும் அன்பான வணக்கம். நம் பகுதியின் பாரம்பரியமிக்க தீப்பெட்டித் தொழில் பற்றிப் பல சுவையான தகவல்களை, பல சுவாரசியமான மனிதர்களோடு, வாரந்தோறும் உங்களுக்காகக் கொண்டு வருகிறோம்." அதன் பிறகு இசை. பிறகு தொழிலின் வரலாறு. பிறகு உதவியவர்களுக்கு நன்றி. எல்லாம் முடிந்து, நூற்றுப் பத்தாவது விநாடியில்தான் உங்கள் அம்மா வாய் திறக்கிறார்.

அந்த முதல் வாக்கியத்தில் 'தீப்பெட்டித் தொழில்' என்பதை எடுத்துவிட்டுத் 'தேனீ வளர்ப்பு' என்று போட்டுப் படியுங்கள். எங்கேயும் இடறாது. இன்னொருவர் நிகழ்ச்சிக்கும் அப்படியே பொருந்துகிற வாக்கியம் உங்கள் முன்னோட்டத்தில் இருக்கக் கூடாது.

நானும் இதே குழியில் விழுந்து எழுந்தவள்தான். முதன்முதலாக ஒரு வானொலி நாடகத்துக்கு அறிவிப்பு தயாரிக்கச் சொன்னார்கள். யார் மனமும் புண்படக் கூடாதே என்று எழுதியவர், இயக்கியவர், நடித்த பதினோரு பேர், இசைக்குழு என்று ஒருவர் விடாமல் சேர்த்தேன். கேட்டு முடித்த மூத்த தயாரிப்பாளர், "பத்திரிகை நன்றாக இருக்கிறதம்மா, முகூர்த்தம் எப்போது?" என்றார். பிறகு ஒலிநாடாவைப் பிளேடால் வெட்டி, நாடகத்தில் கிணற்று ராட்டினம் கிரீச்சிடும் இடத்தையும், "கயிறு ஏன் கனமாக இருக்கிறது?" என்று ஒரு பெண் கேட்கும் இடத்தையும் ஒட்டினார். கடைசியில் நாள், நேரம். என் பதினொரு பெயர்களும் தரையில் சுருண்டு கிடந்தன.

உங்களிடமும் ஒரு ராட்டினம் இருக்கிறது. அம்மா பழைய ஞாபகத்தில் மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்கிக் காட்டும்போது, கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் சத்தம் நான்கு விநாடி பதிவாகியிருக்கிறது. அதற்கு மேலே நீங்கள் இசையைப் போட்டு மூடிவிட்டீர்கள். விடியற்காலை நான்கு மணிக்கு ஆபீஸ் பஸ் வரும், தூங்கிக்கொண்டே ஏறுவோம் என்று சொல்லிவிட்டு, இப்போதும் அந்த நேரத்தில் எங்காவது ஹாரன் கேட்டால் கை தானாகத் தூக்குவாளியைத் தேடுகிறது என்கிறார். அந்தக் 'கை தானாக' என்ற இடத்தில் அவர் சிரிக்கிறார். நிகழ்ச்சியே அந்தச் சிரிப்பில்தான் இருக்கிறது.

எனவே நான் செய்தால் இப்படிச் செய்வேன். முதலில் கட்டைச் சத்தம், வெறுமனே, நான்கு விநாடி. உடனே அம்மா, பஸ்ஸிலிருந்து தூக்குவாளிவரை, ஏறக்குறைய இருபத்தைந்து விநாடி. அவர் பேச்சுவழக்கைத் திருத்தாதீர்கள். மூச்சு வாங்குவதையும் வெட்டாதீர்கள். பிறகு நீங்கள்: "அப்போது என் அம்மாவுக்கு ஒன்பது வயது. கோவில்பட்டியில் எங்கள் தெருவில் மட்டும் அந்த பஸ்ஸில் ஏறியவர்கள் ஏழு பேர். அவர்களிடம் நான் இத்தனை வருடம் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன்." அடுத்து, பக்கத்து வீட்டுப் பெண்மணி மருந்து வாடை பற்றிச் சொல்லும் அந்த ஒரே வரி. பிறகு நிகழ்ச்சியின் பெயர், உங்கள் பெயர், எந்தக் கிழமை வரும் என்பது. கடைசியாக மறுபடி கட்டைச் சத்தம், இரண்டு விநாடி. எழுபது விநாடியில் முடிந்துவிடும்.

வரலாறு எங்கே போவது என்பீர்கள். 1920-களில் சிவகாசிக்காரர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்று வந்ததும், குழந்தைகளைத் தீப்பெட்டி வேலையில் வைக்கத் தடை விதித்த 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் அருமையான விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி ஒதுக்குங்கள். முன்னோட்டத்தில் அவற்றை நுழைத்தால் அம்மா மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார்.

இன்னொன்று. அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்மணி உங்களோடு திண்ணையில் பேசச் சம்மதித்தார். தம் குரல் நாற்பது கைப்பேசிகளுக்குப் போகும் என்று அவருக்குத் தெரியுமா? வெட்டிய துண்டை அவர் காதில் போட்டுக் காட்டிவிட்டு வெளியிடுங்கள்.

முன்னோட்டம் எத்தனை நிமிடம் இருக்க வேண்டும்? எத்தனை சொல் எழுத வேண்டும்?
— வாசகர், சேலம்

ஒரு நிமிடம். மிஞ்சினால் ஒன்றரை. சொற்கணக்கை நம்பாதீர்கள். நிமிடத்துக்கு 150 சொல் என்று நீங்கள் எங்காவது படித்திருந்தால் அது ஆங்கிலத்துக்கான கணக்கு. 'ஏறிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது' என்பது நமக்கு இரண்டே சொல். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு முட்டும். நிதானமாகப் படித்தால் எனக்கு நிமிடத்துக்கு நூறு சொல்கூடத் தேறாது. கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு தடுக்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள்.

முப்பது விநாடிக்குக் குறைவாகச் சினிமாப் பாட்டைப் பயன்படுத்தினால் உரிமைப் பிரச்சினை வராது என்கிறார் நண்பர். உண்மையா?
— வாசகர், திண்டுக்கல்

நண்பரிடம் 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் அந்த முப்பது விநாடி எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கேளுங்கள். அப்படி ஒன்று இல்லை. ஒரு சினிமாப் பாட்டில் வரிக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனியாக இன்னோர் உரிமை. முன்னோட்டம் இன்னும் ஆபத்து. அது ஒரு விளம்பரம், நாலு பேர் கண்ணில் படுவதற்கென்றே போடுவது.

பாரதியார் பாட்டு போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாரதியின் எழுத்துகள் 1949-இலேயே நாட்டுடைமை ஆகிவிட்டன. ஆகவே நீங்களோ உங்கள் மகளோ சொந்த மெட்டில் பாடிப் பதிவு செய்தால் கேட்பாரில்லை. ஆனால் ஒரு பாடகர் நிறுவனத்துக்காகப் பாடி அண்மையில் வெளியான பதிவை எடுத்து ஒட்டினால், அந்தப் பதிவுக்கு உரியவர் கேட்பார். கவிதை பொதுச்சொத்து, பதிவு அப்படியல்ல. பாட்டே வேண்டாம் என்பது என் கட்சி. ஊரில் ஒரு சத்தம் இருக்கும், அதைத் தேடுங்கள். திண்டுக்கல்லில் பூட்டுச் சத்தத்துக்கா பஞ்சம்?

என் குரலைப் பதிவில் கேட்டால் எனக்கே பிடிக்கவில்லை. முன்னோட்டத்தை மட்டும் நல்ல குரல்வளம் உள்ள ஒருவரைப் பேசச் சொல்லலாமா?
— வாசகி, காரைக்கால்

வேண்டாம். முன்னோட்டத்தில் ஒருவர் குரலைக் கேட்டு வருபவர், முதல் பகுதியில் வேறொருவரைச் சந்தித்தால், பெண் பார்த்த இடத்தில் அக்காவைக் காட்டியது போல ஆகிவிடும்.

நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் நம் உள்காதுக்குப் போகிறது. எலும்பு அடிக்குரலைத் தூக்கிக் கொடுக்கும். பதிவில் அந்தக் கனம் இல்லாததால் நம் குரல் மெலிந்து யாரோ போலத் தெரிகிறது. ஊரார் இத்தனை நாளும் கேட்டது அந்த மெலிந்த குரலைத்தான், உங்களுக்குத்தான் புதிது.

குரலை விட்டுவிட்டு அறையைக் கவனியுங்கள். உங்கள் பதிவில் குளிர்சாதனப் பெட்டி உறுமுகிறது, சுவர் எதிரொலிக்கிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, புடவை அலமாரியின் கதவைத் திறந்து துணிகளைப் பார்த்து நின்று பேசுங்கள். கைப்பேசி வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். 'ப' வரும்போது காற்று மைக்கில் முட்டாது. பேசி முடித்ததும் பத்து விநாடி சும்மா நின்று அறையின் அமைதியையும் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டிய இடங்களை இணைக்க அது உதவும்.

முன்னோட்டத்தை முதல் பகுதியாக ஏற்றிவிட்டேன். இப்போது பட்டியலில் அது கீழே போய்க்கொண்டே இருக்கிறது. மாற்ற முடியுமா?
— வாசகர், ஈரோடு

முடியும். ஏற்றிய இடத்தில் பகுதியின் வகையைக் குறிக்கும் கட்டம் இருக்கும். முழுப்பகுதி, முன்னோட்டம், கூடுதல் என்று மூன்று. அதில் முன்னோட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் அதை நிகழ்ச்சிப் பக்கத்தின் மேலேயே காட்டும். 'ட்ரெய்லர்' என்று மட்டும் தலைப்பிடாமல் நிகழ்ச்சியின் பெயரையும் சேருங்கள். தேடுகிறவர் 'ட்ரெய்லர்' என்று தேடப் போவதில்லை.

இனித் தொடங்குபவர்களுக்கு: ஆப்பிளில் பதிய, உங்கள் நிகழ்ச்சியின் ஓடையில் (செயலிகள் பகுதிகளை எடுத்துக்கொள்ளும் 'ஃபீட்') ஒரு பகுதியாவது இருக்க வேண்டும். முன்னோட்டமே அந்த ஒன்றாக இருக்கலாம். இரண்டு வாரம் முன்பே ஏற்றிவிட்டால், எல்லாச் செயலிகளிலும் பெயர் வந்து சேர்வதற்கு அவகாசம் கிடைக்கும். ஒலி அளவை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் −16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) அருகே வையுங்கள். அந்த அளவுக்கு மேலே முழங்கும் இசைக்குப் பயந்துதான் பலர் ஒலியைக் குறைத்துவிட்டு, அடுத்து வரும் பேச்சைக் கேட்காமலே போகிறார்கள்.

இன்னும் ஒரு பகுதியும் பதிவு செய்யவில்லை. பெயரும் அட்டைப்படமும் தயார். முன்னோட்டத்தை முதலில் வெளியிட்டு வரவேற்பைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே?
— வாசகர், புதுச்சேரி

எதிலிருந்து வெட்டி எடுப்பீர்கள்? மூன்று பகுதிகளைப் பதிவு செய்துவிட்டு எழுதுங்கள். ஒலிக்கோப்பையும் அனுப்புங்கள், கேட்கிறேன்.