புகைப்பவரிடம் கூடுதலாகக் காப்புறுதிக் காசு வாங்கலாமா?

கேள்வி: கல்முனையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் நலன்புரிச் சங்கத்தின் செயலாளர் நான்தான். ஊழியர்கள் எல்லோருக்கும் சேர்த்து மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்கிறோம். பாதிக் காசை நிறுவனம் கட்டும், மீதி எங்கள் சம்பளத்தில் கழியும். இந்த வருடம் கட்டணம் கூடியதால், “சிகரட் பத்துகிற ஆக்கள் ஒன்றரை மடங்கு கட்டட்டும்” என்று ஒரு பிரேரணை வந்திருக்கிறது. புகைப்பவர்களில் ஒருவர் எங்கள் சாரதி அண்ணன். பதினாறு வயதில் கரைவலை வாடியில் பழகினதாம். சம்பளம் குறைவு, மூன்று பிள்ளைகள். என் அப்பாவோ சுருட்டுக் குடித்தே நெஞ்சு நோய் வந்து போனவர். அவரை நினைத்தால் பிரேரணைக்குக் கை தூக்கத்தான் மனம் சொல்கிறது. சாரதி அண்ணனைப் பார்த்தால் முடியவில்லை. என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், கல்முனை

பதில்:

அன்பின் தங்கச்சி,

கை தூக்க வேண்டாம். ஆனால் பிரேரணை கொண்டுவந்தவர்களைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடவும் வேண்டாம். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மாரடைப்பு, பாரிசவாதம், நாட்பட்ட சுவாச நோய், புற்றுநோய் எல்லாம் புகைப்பவர்களுக்குக் கூடுதலாக வருகின்றன. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் புகையிலையால் சாகிறார்கள். ஆயுள் காப்புறுதியில் புகைப்பவரிடம் கூடுதலாக வாங்குவது பல நாடுகளில் சாதாரண வழக்கம். அதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை, ஏனென்றால் ஆயுள் காப்புறுதி ஆள் போன பிறகு குடும்பத்துக்கு வருகிற காசு.

மருத்துவக் காப்புறுதியின் வேலை வேறு. ஆள் உயிரோடு இருக்கும்போதே, நெஞ்சில் ஒரு இறுக்கம் வந்த அன்றே, செலவுக்குப் பயப்படாமல் வைத்தியரிடம் போக வைப்பதுதான் அது. இருமல் மூன்று வாரம் நீண்டால் முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டியவர் உங்கள் சாரதி அண்ணன். அவருடைய பங்கை ஒன்றரை மடங்காக்கினால், மூன்று பிள்ளைகளின் டியூசன் காசையும் வீட்டுச் சாமானையும் கணக்குப் பார்த்துவிட்டு, “எனக்கு இந்தக் காப்புறுதியே வேண்டாம்” என்றுதான் சொல்வார். சங்கத்துக்கு லாபம் மாதிரித் தெரியும். அவருக்கோ வெளியில் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னால்கூட கடன் வாங்க வேண்டி வரும்.

இது என்னுடைய ஊகம் மட்டுமல்ல. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டு வந்த மருத்துவக் காப்புறுதிச் சட்டத்தின் கீழ், 2014 முதல், புகையிலை பாவிப்பவரிடம் 50 சதவீதம் வரை கூடுதலாக வாங்கக் காப்புறுதி நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. உங்கள் பிரேரணையின் அதே ஒன்றரை மடங்கு. கலிபோர்னியா, நியூயோர்க் போன்ற சில மாநிலங்கள் அதையும் அனுமதிக்கவில்லை. என்ன நடந்தது என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டது இதுதான்: கூடுதல் கட்டணம் அதிகமாக இருந்த இடங்களில் புகைப்பவர்கள் காப்புறுதி எடுப்பது குறைந்தது, புகைப்பதை நிறுத்துவது கூடவில்லை.

“விலை ஏறினால் விடுவார்கள் என்று நீங்கள்தானே முன்பு எழுதினீர்கள்” என்று பழைய வாசகர் யாராவது கேட்கக்கூடும். எழுதினேன், இன்றும் அதையே சொல்கிறேன். சிகரட்டின் விலை 10 சதவீதம் ஏறினால் நம்மைப் போன்ற நாடுகளில் பாவனை ஏறக்குறைய 5 சதவீதம் குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த விலை கடையில், கயிற்றில் லைட்டர் தொங்குகிற அந்த இடத்தில், ஒற்றைச் சிகரட்டுக்குக் காசு நீட்டுகிற கையில் உறைக்கிறது. குறைத்தால் காசு மிஞ்சும். சம்பளத்தில் கழிகிற காப்புறுதிக் காசு அப்படி இல்லை. நாளுக்கு ஒன்று பத்தினாலும் இருபது பத்தினாலும் ஒரே தொகை. இருபதை ஐந்தாகக் குறைத்தவருக்கு அதில் ஒரு சதமும் மிச்சமில்லை.

அப்புறம், யார் புகைப்பவர் என்று எப்படித் தீர்மானிப்பீர்கள்? சாரதி அண்ணன் வாகனத்துக்குப் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் தெரியப் பத்துகிறார். இரவில் கடற்கரைப் பக்கம் போய்ப் பத்துகிறவரை யார் கண்டது? படிவத்தில் “இல்லை” என்று எழுதிவிடுவார். உண்மை சொன்னவருக்குத் தண்டம், மறைத்தவருக்குச் சலுகை. மறைத்தவரும் தப்பமாட்டார். நாளைக்கு மாரடைப்பு என்று படுக்கையில் விழும்போது, படிவத்தில் பொய் எழுதியதைக் காட்டிக் காப்புறுதி நிறுவனம் கொடுப்பனவை மறுக்கலாம். இரத்தத்திலோ சிறுநீரிலோ கொட்டினின் (நிக்கோட்டின் உடம்புக்குள் போனபின் மாறுகிற பொருள்) இருக்கிறதா என்று பார்க்கலாம் என்பார்கள். அது சில நாட்களில் உடம்பை விட்டுப் போய்விடும். புகைப்பதை விடுவதற்காக நிக்கோட்டின் சுவிங்கம் மெல்லுகிறவர் அந்தப் பரிசோதனையில் அகப்படுவார்.

இன்னொன்று. உங்கள் அலுவலகத்தில் வெற்றிலை போடுகிறவர்கள் இல்லையா? பாக்கோடும் சுண்ணாம்போடும் ஒரு கிள்ளுப் புகையிலையையும் கடைவாயில் அடக்கிக்கொண்டு வேலை பார்ப்பவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்! இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். அதற்குப் பெரிய காரணம் இந்த மெல்லுகிற பழக்கம். பிரேரணையில் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. புகை கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சீனி வருத்தத்துக்கு மருந்தெடுத்துக்கொண்டே பிறந்தநாள் கேக் வெட்டுகிறவரிடம் அடுத்த வருடம் கூடுதலாகக் கேட்பீர்களா? இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று கூட்டத்தில் கேளுங்கள்.

நம் ஊர்களில் மரண உதவிச் சங்கங்கள் இருக்கின்றன. மாதச் சந்தா எல்லோருக்கும் ஒன்றுதான். செத்த வீட்டில் பந்தல் போடும்போது, இவர் குடித்துச் செத்தாரா, வயது போய்ச் செத்தாரா என்று யாரும் விசாரிப்பதில்லை. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் கல்முனை ஆதார வைத்தியசாலையிலும் புகைப்பவருக்கென்று தனி வரிசை கிடையாது. நீங்கள் எடுத்திருக்கிற கூட்டுக் காப்புறுதியும் அந்தப் பழக்கத்தில் வந்ததாகவே இருக்கட்டும்.

புகைப்பவர் சீக்கிரம் போய்விடுவதால் வாழ்நாள் மருத்துவச் செலவு குறையும் என்று 1997இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்த வாதத்தைக் கூட்டத்தில் எடுக்காதீர்கள். ஒரு மனுசன் வேளைக்குச் செத்தால் மிச்சம் என்று பேசி யாரையும் காப்பாற்ற வேண்டாம்.

இனி உங்கள் அப்பாவைப் பற்றி. உங்கள் கோபம் பிழையே இல்லை. ஆனால் அவரிடம் மாதாமாதம் கூடுதல் காசு கழித்திருந்தால் சுருட்டை விட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? கிளினிக்குப் போவதைத்தான் விட்டிருப்பார். அவரை இன்னும் நேரத்தோடு வைத்தியரிடம் கூட்டிப்போயிருக்கலாமே என்ற ஆற்றாமைதான் உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிகிறது. அதைச் சாரதி அண்ணனுக்காகச் செய்ய இப்போது உங்கள் கையில் ஒரு பதவி இருக்கிறது.

எனவே, வெறுமனே எதிர்க்காமல் மாற்றுப் பிரேரணை ஒன்று கொண்டுபோங்கள். விட விரும்புகிறவர்கள் சம்பளத்தோடு அரை நாள் லீவில் வைத்தியரைப் பார்க்கலாம் என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபையின் ஆலோசனை கிடைக்கும். அதை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி வேலைத்தலக் கட்டடத்துக்குள் புகைக்கக் கூடாது. களஞ்சிய அறைக்குப் பின்னால் யாராவது பத்தினால் அதற்கு மட்டும் கண்டிப்பாக இருங்கள், பக்கத்தில் இருக்கிறவரின் நெஞ்சும் நெஞ்சுதானே. சாரதி அண்ணனிடம் ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள்: விட்டு ஒரு வருடத்தில், இதய நோய் வருகிற ஆபத்து புகைப்பவருடையதில் பாதியாகக் குறைந்துவிடும். வயது போய்விட்டது, இனி விட்டு என்ன என்று அவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பிரேரணை வென்றால், ஒரு நிபந்தனையாவது சேர்த்துவிடுங்கள்: விடுவதற்கான ஆலோசனையில் சேர்ந்தவரிடம், விட்டாலும் விடாவிட்டாலும், கூடுதல் காசு வாங்கக் கூடாது. அமெரிக்காவில் வேலைத்தலக் காப்புறுதியிலும் இப்படி ஒரு மாற்று வழி கொடுத்தாக வேண்டும். படிவம் நிரப்புகிற நாளில் சாரதி அண்ணனுக்குப் பக்கத்தில் நீங்களே இருந்து, “ஆம்” என்பதை “ஆம்” என்றே எழுத வையுங்கள்.