உங்கள் புரோமோட்டர் அளவுக்கு மீறி வலுவாக இருக்கிறதா?

கேள்வி: ஈ.கோலை பாக்டீரியாவில் பச்சை ஒளிர்புரத மரபணுவுக்கு முன்னால் வைப்பதற்காக, இரண்டு ஒலிகோக்களை, அதாவது தயாரித்து வாங்கிய குறுகிய டி.என்.ஏ. இழைகளைச் சேர்த்து, ஒரு செயற்கை புரோமோட்டர் (மரபணுவின் படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் பகுதி) அமைத்தேன். புரோமோட்டரின் முக்கியப் பகுதிகளான மைனஸ் 35, மைனஸ் 10 இரண்டிலும் கன்சென்சஸ் (பொதுமாதிரி) வரிசையையே எழுதினேன். வைத்தது, செல்லுக்குள் பிரதிகள் மிகுந்த பிளாஸ்மிட்டில் (வளைய டி.என்.ஏ.வில்). சில காலனிகளே வந்தன, பெரும்பாலானவை ஒளிரவில்லை. ஒளிராத ஒன்றின் டி.என்.ஏ. வரிசையைப் படித்துப் பார்த்ததில் மைனஸ் 35 பகுதியில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. ஒலிகோ தயாரிப்பில் நேர்ந்த பிழையா?

பதில்: இருக்கலாம். ஆனால் ஒரு காலனியை வைத்து முடிவுகட்டாதீர்கள். தயாரிப்பின்போது எழுத்து விடுபடுவது அடிக்கடி நடப்பதுதான். அது வரிசையின் எந்த இடத்திலும் விழும். ஒளிராதவற்றை மட்டும் படித்தால், புரோமோட்டரை உடைத்த பிழைகள்தாம் கண்ணில் படும். ஒளிர்பவற்றில் நான்கையும் ஒளிராதவற்றில் நான்கையும் எடுத்துப் படியுங்கள். ஒளிர்பவற்றிலும், மைனஸ் 35-க்கும் மைனஸ் 10-க்கும் நடுவிலுள்ள இடைவெளிப் பகுதியில் பிழைகள் சிதறிக் கிடந்தால், சுத்திகரித்த ஒலிகோவை வாங்குங்கள். ஒளிர்பவை பிழையின்றி, ஆனால் குன்றிய காலனிகளாக இருந்து, ஒளிராதவை மட்டும் செழித்திருந்தால், அது வேறு கதை: புரோமோட்டர் உடைந்த செல்களே பிழைத்து வளர்ந்திருக்கின்றன.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் இரண்டாவதையே நான் முதலில் சந்தேகிப்பேன். டி-டி-ஜி-ஏ-சி-ஏ, 17 எழுத்து இடைவெளி, டி-ஏ-டி-ஏ-ஏ-டி என்ற அமைப்பை சிக்மா-70 என்ற துணைப்புரதத்தைத் தாங்கிய ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் (மரபணுவைப் படியெடுக்கும் நொதி) இறுகப் பற்றிக்கொள்ளும். அத்தகைய புரோமோட்டர் ஒவ்வொரு செல்லிலும் நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருந்தால், ரைபோசோம்களில் பெரும்பங்கு உங்கள் புரதத்துக்கே போய்விடும். செல் தன் வளர்ச்சிக்கு என்ன செய்யும்? அந்தச் சுமையைத் தற்செயலாக இறக்கிவைத்த ஒரு செல், ஓர் இரவுக்குள் குடுவையையே நிரப்பிவிடும்.

கன்சென்சஸ் என்பது இயற்கை புரோமோட்டர்களில் அடிக்கடி காணப்படும் எழுத்துகளின் தொகுப்பு. நாம் எட்டவேண்டிய இலக்கு அன்று. பிடி மிக இறுகினால் பாலிமரேஸ் புரோமோட்டரைவிட்டு நகரவே தாமதமாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே ஒரே புரோமோட்டரைக் கட்டாதீர்கள், வலிமையில் ஏறுமுகமான ஒரு வரிசையைக் கட்டுங்கள். மைனஸ் 35-இல் இரண்டு மூன்று இடங்களில் கலப்பு எழுத்துகள் கொண்ட ஒலிகோவைக் கேட்டு வாங்கினால், ஒரே லிகேஷனில் (துண்டுகளை ஒட்டும் வினையில்) பலவகைப் புரோமோட்டர்கள் கிடைக்கும். பலரும் பயன்படுத்தும் ஆண்டர்சன் புரோமோட்டர் தொகுப்பும் இப்படி எழுத்துகளை மாற்றிப் பெற்றதுதான். இடைவெளியின் நீளத்தைத் தொடாதீர்கள். மைனஸ் 10-இன் இரண்டாம் எழுத்தான ஏ-யையும் கடைசி டி-யையும் விட்டுவிடுங்கள். அவை போனால் பெரும்பாலும் எல்லாம் போய்விடும். பிளாஸ்மிட்டையும் மாற்றுங்கள்: பி15ஏ என்ற பெருக்கத் தொடக்க இடம் கொண்டதில் பத்து, பதினைந்து பிரதிகளே இருக்கும். வலுவான புரோமோட்டர் கட்டாயம் தேவையென்றால் அடக்கிப் புரதம் வந்து அமரும் இடமான லாக் ஆபரேட்டரைச் சேர்த்து, அந்தப் புரதம் போதிய அளவு உள்ள ஈ.கோலை வகையில் குளோன் செய்யுங்கள். 1983-இல் வெளிவந்த டாக் புரோமோட்டர் இப்படி அடக்கிவைக்கக்கூடியதே.

காலனிகள் குறைந்ததற்கு மேசையிலும் காரணம் இருக்கலாம். சாதாரணமாக வாங்கும் ஒலிகோவின் 5' முனையில் பாஸ்பேட் இருக்காது. வெக்டரிலும் (துண்டை ஏற்கும் பிளாஸ்மிட்டிலும்) அதை நீக்கியிருந்தால் எதுவும் ஒட்டாது. இரண்டு இழைகளையும் சம அளவில், 50 மில்லிமோலார் உப்புள்ள தாங்கல் கரைசலில் 95 டிகிரிக்குச் சூடாக்கி, அறை வெப்பத்துக்கு மெல்ல ஆறவிடுங்கள். வெறும் நீரில் செய்தால் இழைகள் சரியாக இணையாது. பிறகு நன்றாக நீர்க்கச் செய்யுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் பலர். துண்டுகள் அளவுக்கு மிஞ்சினால் வெக்டரின் இரு முனைகளிலும் தனித்தனியாக ஒட்டிக்கொள்ளும், வளையம் மூடாது.

முனைகள் ஒத்த துண்டுகளை இணைக்கும் கிப்சன் முறை இங்கே வேண்டாம்: இவ்வளவு சிறிய துண்டை அதிலுள்ள எக்ஸோநியூக்ளியேஸ் (முனையிலிருந்து டி.என்.ஏ.வை அரிக்கும் நொதி) தின்றுவிடும். வெட்டுவதையும் ஒட்டுவதையும் ஒரே குழாயில் செய்யும் கோல்டன் கேட் முறையில் செய்வதானால், கலப்பு எழுத்துகளால் தற்செயலாக பிஎஸ்ஏ-1 வெட்டு நொதியின் அடையாள வரிசை, அதாவது ஜி-ஜி-டி-சி-டி-சி, உருவாகிறதா என்று இரு இழைகளிலும் பாருங்கள்.

கடைசியாக, ஒளிர்வை அளக்கும்போது செல்லடர்த்தியால் வகுத்து, வளர்ச்சி வேகத்தையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள். ஒளிர்வில் முதலிடம் பெற்றது வளர்ச்சியில் கடைசியில் நின்றால், அதற்கு அடுத்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.